டிராஃப்ட்டில் 3ஆவது தேர்வுரிமையைக் கைமாற்ற எது சரியான நேரம்?

செங்காங் இளவழகன்:

அனைவருக்கும் வணக்கம். தொடக்கக் கல்லூரியில் உடன் படித்த நண்பர்களும் அவர்களுடைய அலுவலகத் தோழர்களுமாகச் சேர்ந்து 12 அணிகள் கொண்ட கீப்பர் லீக் ஒன்றை (உண்மையான என்பிஏ கூடைப்பந்து வீரர்களை வைத்துக் கற்பனை அணிகள் அமைத்து, சிலரை அடுத்த பருவத்துக்கும் தக்கவைத்துக்கொள்ளும் போட்டி) நடத்தி வருகிறோம். ஜூன் மாத இறுதியில் என்பிஏ டிராஃப்ட் (அணிகள் புதுமுக வீரர்களை வரிசைப்படி தேர்ந்தெடுக்கும் நிகழ்ச்சி) முடிந்ததும், அந்த வாரச் சனிக்கிழமை மாலை, அவ்வாண்டின் புதுமுக வீரர்களை மட்டும் வைத்து எங்கள் டிராஃப்ட் நடைபெறும். சென்ற பருவத்தில் கடைசியாக வந்தவருக்கு முதல் தேர்வு, அவருக்கு மேலே இருந்தவருக்கு இரண்டாவது என்று வரிசை போகும். இம்முறை எனக்கு 3ஆவது இடம். ஒவ்வொருவருக்கும் 3 நிமிடம் தரப்படும். எந்தப் பேரமும் லீக் பொறுப்பாளர் பதிவு செய்த பிறகே செல்லுபடியாகும்.

5ஆவது இடத்தில் இருப்பவர் என்னுடைய 3ஆவது இடத்தைக் கேட்கிறார். அதற்கு ஈடாகத் தன்னுடைய 5ஆவது இடத்தையும், அடுத்த ஆண்டுக்கான தன்னுடைய முதல் சுற்றுத் தேர்வுரிமையையும் தருவதாகச் சொல்கிறார். ஆனால் வெள்ளிக்கிழமை நள்ளிரவுக்குள் பதில் சொல்லிவிட வேண்டுமாம். அதற்குப் பிறகு பேச்சுக்கே இடமில்லையாம். முதல் இரண்டு இடங்களில் யார் போவார்கள் என்பதில் எங்கள் குழுவில் எவருக்கும் ஐயமில்லை. அடுத்து வருகிற மூவர் என் கணக்கில் ஏறக்குறைய ஒரே தரம். அவர்களில் ஒருவர்மீது எனக்குச் சற்றுக் கூடுதல் விருப்பம் உண்டு, அவ்வளவுதான்.

என்பிஏ அணிகளின் மேலாளர்கள் இத்தகைய பேரங்களைச் சில நேரம் பல நாள்களுக்கு முன்பே முடித்துவிடுகிறார்கள். சில நேரம் தங்கள் முறை வந்து கடிகாரம் ஓடத் தொடங்கிய பிறகு முடிக்கிறார்கள். இன்னும் சில நேரம் வீரரைத் தேர்ந்தெடுத்து, அவர் மேடையேறித் தொப்பி அணிந்த பிறகுகூட அவர் வேறு அணிக்குப் போகிறார் என்ற செய்தி வருகிறது. வியாழக்கிழமை காலை 8 மணிக்கு வடக்கு கிழக்கு ரயிலில் நின்றுகொண்டு கைப்பேசியில் பார்க்கும்போது இவற்றுக்குள் ஓர் ஒழுங்கு இருப்பதாகவே எனக்குத் தோன்றவில்லை. எந்தச் சூழலில் முன்கூட்டியே விற்பது நல்லது, எந்தச் சூழலில் கடைசி நிமிடம் வரை காத்திருப்பது நல்லது என்பதை விவரம் அறிந்தவர்கள் விளக்கினால் உதவியாக இருக்கும்.

தோ பாயோ மாறன்:

இளவழகன், உங்கள் முறை வரும்வரை காத்திருங்கள் என்பது என் கருத்து. ஏன் என்று சொல்கிறேன்.

வெள்ளிக்கிழமை விற்றால் நீங்கள் 3 என்ற எண்ணை விற்கிறீர்கள். சனிக்கிழமை உங்கள் முறை வந்த பிறகு விற்றால் பெயர் தெரிந்த ஒரு வீரரை விற்கிறீர்கள். முதலாவதை வாங்குகிறவர், தான் விரும்பும் வீரர் அதற்குள் போய்விடக்கூடும் என்ற அச்சத்தையும் கழித்துக்கொண்டுதான் விலை சொல்வார். இரண்டாவதில் அந்த அச்சம் நீங்கிவிடுவதால் அவர் கூடுதலாகத் தர முடியும். அவர் விரும்பிய வீரர் முதல் இரண்டு இடங்களிலேயே போய்விட்டால் அவர் விலகிவிடுவார் என்பது உண்மைதான். ஆனால் அப்போது உங்கள் பட்டியலில் இருந்து ஒருவர் குறைவாகப் போயிருப்பார், நீங்கள் அமைதியாக உங்களுக்குப் பிடித்தவரை எடுத்துக்கொள்ளலாம். எப்படிப் பார்த்தாலும் காத்திருக்கும் உரிமை உங்கள் கையில் இருக்கிறது. அந்த உரிமையை விலையில்லாமல் விட்டுக்கொடுக்கச் சொல்வதற்குத்தான் வெள்ளிக்கிழமை நள்ளிரவு என்ற கெடு.

உங்கள் பேரத்துக்கு மிக நெருக்கமான முன்மாதிரி 2018 டிராஃப்ட். அட்லாண்டா 3ஆவது இடத்திலும் டாலஸ் 5ஆவது இடத்திலும் இருந்தன. அட்லாண்டா 3ஆவதாக லூகா டொன்சிச்சை எடுத்து டாலஸுக்குக் கொடுத்தது. டாலஸ் 5ஆவதாக டிரே யங்கை எடுத்து அட்லாண்டாவுக்குக் கொடுத்து, அதனுடன் 2019ஆம் ஆண்டின் முதல் சுற்றுத் தேர்வுரிமையையும் சேர்த்துத் தந்தது. அந்த உரிமைக்கு முதல் 5 இடங்களுக்கான பாதுகாப்பு நிபந்தனை இருந்தது, அதாவது அது முதல் 5 இடங்களுக்குள் விழுந்தால் டாலஸே வைத்துக்கொள்ளும். பிறகு அது 10ஆவது இடமாக விழுந்து, அட்லாண்டா அதில் கேம் ரெடிஷை எடுத்தது. டொன்சிச் அடுத்த ஆண்டே சிறந்த புதுமுக வீரர் விருதை வென்றார். இன்று எல்லாரும் அட்லாண்டாவைக் கேலி செய்கிறார்கள். அவர்கள் எடுத்த வீரரின் மதிப்பீடு தவறாக இருந்திருக்கலாம். பேரத்தின் அமைப்பு சரியாகவே இருந்தது என்பேன். யங் 2021இல் அந்த அணியைக் கிழக்கு மண்டல இறுதிச் சுற்று வரை கொண்டு சென்றவர்தானே.

இதில் பலரும் கவனிக்காத ஓர் அணி உண்டு. 4ஆவது இடத்தில் இருந்த மெம்ஃபிஸ். அவர்கள் ஜாரன் ஜாக்சன் ஜூனியரை எடுத்ததால்தான் யங் 5ஆவது இடம் வரை வந்தார். உங்கள் பேரத்திலும் எல்லாம் 4ஆவது இடத்துக்காரரைப் பொறுத்தே இருக்கிறது. நீங்கள் 3இலிருந்து 5க்கு இறங்கினால், உங்களுக்கு முன் இரண்டு பேர் போய்விடுவார்கள்: வாங்குகிறவர் எடுப்பவர் ஒருவர், 4ஆவது இடத்துக்காரர் எடுப்பவர் இன்னொருவர். ஆகவே உங்கள் பட்டியலில் மூன்று பெயர்கள் இருந்து, அந்த மூவரில் எவர் வந்தாலும் உங்களுக்கு நிறைவு என்றால் எப்போது வேண்டுமானாலும் விற்கலாம். இரண்டு பெயர்களே மனத்துக்கு நிறைவு என்றால், வாங்குகிறவர் யாரை எடுக்கப் போகிறார் என்று தெரியாமல் விற்கக் கூடாது. ஒரே பெயர்தான் என்றால் விற்கவே வேண்டாம்.

"சற்றுக் கூடுதல் விருப்பம்" என்று எழுதியிருக்கிறீர்கள். அந்தச் சற்று எவ்வளவு என்பதை வெள்ளிக்கிழமைக்குள் நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள்.

பொங்கோல் யாழினி:

மாறன் அண்ணன் சொல்வதில் பாதியை ஏற்கிறேன். காத்திருப்பதற்கு விலை கிடையாது என்பதுபோல எழுதியிருக்கிறாரே, அதைத்தான் ஏற்க முடியவில்லை.

2017இல் முதல் தேர்வுரிமை பாஸ்டனிடம் இருந்தது. டிராஃப்ட்டுக்கு 3 நாள்களுக்கு முன்பே, ஜூன் 19ஆம் தேதி, அதை ஃபிலடெல்ஃபியாவிடம் கொடுத்துவிட்டு 3ஆவது இடத்தையும் எதிர்கால முதல் சுற்று உரிமை ஒன்றையும் பெற்றுக்கொண்டது. மார்க்கெல் ஃபுல்ட்ஸ்தான் அவ்வாண்டின் முதல் வீரர் என்பது அப்போது ஊரறிந்த கருத்து. பாஸ்டனின் மனத்தில் இருந்தவரோ ஜேசன் டேட்டம். 2ஆவது இடத்தில் இருந்த லேக்கர்ஸ் லோன்சோ பாலை எடுக்கும் என்று அனைவரும் எதிர்பார்த்தார்கள், அப்படியே நடந்தது. எனவே பாஸ்டன் 3க்கு இறங்கினாலும் தான் நினைத்த வீரரைப் பெறும் நிலையில் இருந்தது, மேலும் ஓர் உரிமை இலவசமாகக் கிடைத்தது.

இப்போது இதைச் சிந்தியுங்கள். பாஸ்டன் தன் முறை வரும்வரை காத்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? ஃபிலடெல்ஃபியா விலை கொடுத்ததற்குக் காரணம், பாஸ்டன் ஃபுல்ட்ஸை எடுத்துவிடும் என்ற அச்சம். டிராஃப்ட் நெருங்க நெருங்கச் செய்தி கசியும். ஓர் அணி யாரை அழைத்துப் பயிற்சி பார்க்கிறது, யாருடைய முகவரிடம் பேசுகிறது என்பதெல்லாம் வெளியே வரும். பாஸ்டனுக்கு ஃபுல்ட்ஸ் வேண்டாம் என்று ஒருமுறை தெரிந்துவிட்டால் அந்த அச்சம் பாதியாகக் குறையும், விலையும் குறையும். தன் உண்மையான விருப்பம் ஊரின் கருத்திலிருந்து மாறுபடும்போது, அது வெளியே தெரிவதற்கு முன் விற்றுவிடுவதே கெட்டிக்காரத்தனம். ஃபுல்ட்ஸ் தோளில் ஏற்பட்ட சிக்கலால் ஃபிலடெல்ஃபியாவுக்காக மொத்தம் 33 ஆட்டங்களே ஆடினார். 2019 பிப்ரவரியில் ஆர்லாண்டோவுக்கு அனுப்பப்பட்டார். டேட்டம் 2024இல் பாஸ்டனுடன் கோப்பையைத் தூக்கினார். பேரத்தில் கூடுதலாகக் கிடைத்த அந்த எதிர்கால உரிமை 2019இல் 14ஆவது இடமாகி, ரோமியோ லாங்ஃபோர்டாக முடிந்து பெரிதாகப் பயன் தரவில்லை என்பது வேறு செய்தி.

ஃபீனிக்ஸ் 2019இல் செய்ததும் இதே வகைதான். 6ஆவது இடத்தை மினசோட்டாவுக்குக் கொடுத்துவிட்டு 11ஆவது இடத்தையும் டாரியோ ஷாரிச்சையும் பெற்றார்கள். 11இல் கேமரன் ஜான்சனை எடுத்தபோது, இவ்வளவு முன்னால் எடுக்க வேண்டிய ஆளா இவர் என்று எழுதாதவர்கள் இல்லை. மினசோட்டா எடுத்த ஜாரட் கல்வர் இரண்டு பருவங்களில் அங்கிருந்து வெளியேறினார். ஜான்சனோ 2021 இறுதிப் போட்டிக்குச் சென்ற அணியில் முக்கியமான இடம் பிடித்திருந்தார்.

இளவழகன், உங்களிடம் கேட்கிறேன். நீங்கள் சற்றுக் கூடுதலாக விரும்பும் அந்த வீரர், மற்றவர்களும் விரும்புகிற வீரரா, அல்லது நீங்கள் மட்டும் விரும்புகிறவரா? நீங்கள் மட்டும் விரும்புகிறவர் என்றால் வெள்ளிக்கிழமையே விற்றுவிடுங்கள், 5ஆவது இடத்தில் அவர் உங்களுக்காகக் காத்திருப்பார். ஒரே மேசையைச் சுற்றி 12 பேர் அமர்ந்திருக்கும்போது, உங்கள் கண் எந்தப் பெயரின்மேல் நிலைக்கிறது என்பதைப் பக்கத்தில் இருப்பவர் கண்டுபிடித்துவிடுவார்.

செங்காங் இளவழகன்:

இருவருக்கும் நன்றி. யாழினி கேட்டதற்குப் பதில்: என் விருப்பம் பெரும்பாலானோர் கணிப்பில் 5 முதல் 8 வரையிலான இடங்களில் இருக்கிறார். ஆனால் என்பிஏ டிராஃப்ட்டில் அவரை எடுத்த அணியில் அவருடைய இடத்தில் ஆட வேறு ஆளே இல்லை என்பதால், தொடக்கத்திலிருந்தே ஆடுகள நேரம் நிறையக் கிடைக்கும். அதை 4ஆவது இடத்துக்காரரும் கவனித்திருப்பார் என்று அஞ்சுகிறேன்.

இன்னொரு கேள்வி. அடுத்த ஆண்டு முதல் சுற்று உரிமையை எப்படி மதிப்பிடுவது? கொடுக்கிறவர் சென்ற பருவத்தில் கீழிருந்து 5ஆவதாக வந்தவர். ஆனால் பாதிக் காலம் அவருடைய இரண்டு முன்னணி வீரர்கள் காயத்தில் இருந்தார்கள்.

ஜூரோங் கதிரவன்:

எதிர்கால உரிமை என்பது அதைக் கொடுக்கிறவரின் அணிதான். அவருடைய அணி அடுத்த ஆண்டு எந்த இடத்தில் முடிக்கும் என்று அவர் நம்புகிறாரோ அந்த விலைக்கு அவர் கொடுக்கிறார்; நீங்கள் எதை நம்புகிறீர்களோ அந்த விலைக்கு வாங்க வேண்டும். இரண்டு நம்பிக்கைகளுக்கும் இடையில் உள்ள தூரம்தான் லாபம்.

இதற்குப் பெரும் சான்று புரூக்ளின். 2013 டிராஃப்ட் இரவில் கெவின் கார்னெட், பால் பியர்ஸ் ஆகியோருக்காக அந்த அணி பாஸ்டனுக்கு 2014, 2016, 2018 ஆண்டுகளின் முதல் சுற்று உரிமைகளையும் 2017இல் பாஸ்டன் விரும்பினால் தன் இடத்தைக் கொடுத்து புரூக்ளினின் இடத்தை மாற்றிக்கொள்ளும் உரிமையையும் தர ஒப்புக்கொண்டது. அதற்கு முந்தைய பருவத்தில் 49 ஆட்டங்களை வென்றிருந்த அணி அது. கொடுப்பதெல்லாம் 25ஆவது இடத்துக்குப் பின்னால் விழும் சில்லறை என்று நினைத்துக் கொடுத்தார்கள். வாங்கிய வீரர்களின் வயதை பாஸ்டன் எண்ணிப் பார்த்தது. 2016இல் அது 3ஆவது இடமாகி ஜெய்லன் பிரவுனைத் தந்தது. 2017இல் முதல் இடமாகவே மாறியது. யாழினி மேலே சொன்ன, ஃபிலடெல்ஃபியாவுக்கு விற்கப்பட்ட அந்த முதல் இடம் இப்படி வந்ததுதான்.

நேரத்தைப் பற்றிய உங்கள் கேள்விக்கும் இதற்கும் தொடர்பு உண்டு. எதிர்கால உரிமைகள் மிக மலிவாகக் கைமாறுவது கடிகாரம் ஓடும் நேரத்தில்தான், ஏனென்றால் அப்போது வாங்குகிறவருடைய கண் முழுவதும் எதிரே இருக்கும் வீரரின்மேல் இருக்கிறது. 2024 டிராஃப்ட் இரவில் மினசோட்டா, சான் அன்டோனியோவின் 8ஆவது இடத்தில் ராப் டில்லிங்ஹமைப் பெறுவதற்காக 2031ஆம் ஆண்டின் முதல் சுற்று உரிமையை எந்தப் பாதுகாப்பு நிபந்தனையும் இல்லாமல் கொடுத்தது. அதற்கு மேல் 2030இல் இடம் மாற்றிக்கொள்ளும் உரிமையும், முதல் இடத்துக்கு மட்டும் பாதுகாப்புடன். மினசோட்டாவுக்கு ஒரு கட்டாயமும் இருந்தது. சம்பளக் கணக்கில் இரண்டாவது உச்சவரம்பைத் தாண்டிய அணிகள், பல வீரர்களின் சம்பளத்தைச் சேர்த்து ஒரு பெரிய வீரரை வாங்க முடியாது; ஆகவே குறைந்த சம்பளத்தில் திறமையைச் சேர்க்க டிராஃப்ட் ஒன்றே வழியாகிவிடுகிறது. அடுத்த ஆண்டு நியூ ஆர்லியன்ஸ் செய்ததற்கு அந்தச் சாக்கும் இல்லை. 21 ஆட்டங்களை மட்டுமே வென்ற ஓர் அணி, 23இலிருந்து 13க்கு ஏறி டெரிக் குவீனை எடுப்பதற்காக, 2026இல் தனக்கும் மில்வாக்கிக்கும் கிடைக்கும் இடங்களில் எது மேலானதோ அதை அட்லாண்டாவுக்கு நிபந்தனையின்றிக் கொடுத்தது. குவீன் நல்ல வீரர்தான். ஆனாலும் கீழே கிடக்கும் அணி தன்னுடைய அடுத்த ஆண்டு உரிமையைப் பூட்டில்லாமல் கொடுப்பது என் அறிவுக்கு எட்டவில்லை.

உங்களுடையவர் கீழிருந்து 5ஆவதாக வந்தவர், காயத்தைக் காரணம் காட்டுகிறார். அந்த இரண்டு முன்னணி வீரர்களின் வயதைப் பாருங்கள். 26, 27 என்றால் அவர் மேலே ஏறுவார். அந்த உரிமை பத்தாவது இடத்துக்கு அருகில் போகும், பெரிய மதிப்பில்லை. 33, 34 என்றால் காயம் மறுபடியும் வரும். கேள்வி கேட்காமல் வாங்குங்கள். பாதுகாப்பு நிபந்தனை எதையும் அவர் நுழைத்தால் அதை ஏற்காதீர்கள். 12 அணி லீக்கில் முதல் 4 இடங்களுக்குப் பாதுகாப்பு என்றால், நீங்கள் வாங்குவதில் இனிப்பான பகுதியை அவரே வைத்துக்கொள்கிறார் என்று பொருள்.

இறங்குவதற்கும் ஒரு விலை உண்டு என்பதை யாழினிக்கு நினைவூட்டுகிறேன். 2017இல் சாக்ரமென்டோ 10ஆவது இடத்தைப் போர்ட்லாண்டுக்குக் கொடுத்து 15, 20 ஆகிய இரண்டையும் வாங்கி, ஜஸ்டின் ஜாக்சனையும் ஹாரி கைல்ஸையும் எடுத்தது. இடையில் 13ஆவதாகப் போனவர் டோனவன் மிட்செல், 14ஆவதாகப் போனவர் பாம் அடபாயோ. இரண்டு எண்களைக் கையில் வைத்திருப்பது மனத்துக்கு இதமாக இருக்கும். மைதானத்தில் ஐந்து பேர்தான் ஆட முடியும் என்பதால், நான்கு நடுத்தர வீரர்களைவிட ஒரு நட்சத்திரம் மேல். கீப்பர் லீக்கிலும், எத்தனை பேரைத் தக்கவைக்கலாம் என்ற வரம்பு இருந்தால், இதே கணக்குத்தான்.

ஈசூன் சுப்பு:

எல்லாரும் ஒரே வாங்குபவரைப் பற்றியே பேசுகிறீர்கள். கார் வாங்குவதற்கான உரிமைச் சான்றிதழுக்கு நடக்கும் சிஓஇ ஏலத்தில் புதன்கிழமை மாலை 4 மணி நெருங்கும்போது கடைசி நிமிடங்களில் விலை ஏறுவதற்குக் காரணம், எத்தனை பேர் கேட்கிறார்கள், அப்போதைய விலை என்ன என்பது எல்லாருடைய திரையிலும் தெரிவதுதான். டிராஃப்ட்டில் அந்தத் திரை இல்லை. அடுத்தவர் என்ன தருவதாகச் சொன்னார் என்பது ஒவ்வொருவருக்கும் மறைவாகவே இருக்கிறது. நீங்களாகச் சொன்னால்தான் தெரியும். ஆகவே முன்கூட்டியா கடைசியிலா என்று கேட்பதற்கு முன், 4, 6, 7, 8 ஆகிய இடங்களில் இருப்பவர்களிடம் 3ஆவது இடம் விற்பனைக்கு இருக்கிறது என்று இன்றே ஒரு செய்தி அனுப்புங்கள். 5ஆவது இடத்துக்காரர் கெடு விதித்ததே நீங்கள் மற்றவர்களிடம் போகக் கூடாது என்பதற்காக இருக்கலாம்.

குறிப்பாக 4ஆவது இடத்துக்காரர். அவர் 3க்கு ஏற விரும்பினால் உங்களுக்கு இழப்பு ஒரு பெயர்தான். அவர் இரண்டாம் சுற்று உரிமை ஒன்றை மட்டும் தருவதாகச் சொன்னாலும் யோசிக்கத் தகுந்தது. அவர் ஏற விரும்பவில்லை என்றாலும், அவர் பதில் சொல்லும் விதத்திலிருந்து யார்மீது கண் வைத்திருக்கிறார் என்பது ஓரளவு புரிந்துவிடும்.

தோ பாயோ மாறன்:

சுப்பு ஐயா சொன்னதுதான் முதலில் செய்ய வேண்டியது. யாழினியின் பாஸ்டன் வாதத்துக்கும் என் பதில் அதிலேயே இருக்கிறது: கசிவுக்கு அஞ்சுகிறவர் விலையை முன்கூட்டியே பேசி வைக்கலாம், கையெழுத்தை மட்டும் தள்ளிப் போடலாம். டிராஃப்ட் இரவில் நடப்பதாக நமக்குத் தெரியும் பேரங்களில் கணிசமானவை முந்தைய நாள்களிலேயே "இந்த வீரர் அந்த இடம் வரை வந்தால்" என்ற நிபந்தனையுடன் பேசி வைக்கப்பட்டவை. முதல் சுற்றில் ஒவ்வொரு தேர்வுக்கும் என்பிஏ தரும் அந்த 5 நிமிடங்களில் புதிதாகப் பேரம் பேச எவருக்கும் நேரம் இருக்காது. ஆம் அல்லது இல்லை என்று சொல்ல மட்டுமே நேரம் இருக்கும். உங்களுக்கு 3 நிமிடம்தான்.

வீரரை எடுத்த பிறகு கைமாற்றுவது ஏன் என்றும் முதலில் கேட்டிருந்தீர்கள். அதற்குப் பெரும்பாலும் விதிகளே காரணம். 1980களின் தொடக்கத்தில் கிளீவ்லாந்தின் உரிமையாளராக இருந்த டெட் ஸ்டெபியன் எதிர்கால முதல் சுற்று உரிமைகளை அடுத்தடுத்து விற்றுத் தீர்த்ததன் விளைவாக ஒரு விதி வந்தது. எந்த அணியும் அடுத்தடுத்த இரண்டு எதிர்கால டிராஃப்ட்களில் முதல் சுற்று உரிமையே இல்லாத நிலைக்குத் தன்னைத் தள்ளிக்கொள்ளக் கூடாது. அடுத்த ஆண்டு உரிமையை ஏற்கெனவே கொடுத்துவிட்ட அணி இந்த ஆண்டு உரிமையை டிராஃப்ட்டுக்கு முன் விற்க முடியாது. ஆனால் தேர்வு செய்து முடித்துவிட்டால் அது உரிமை அல்ல, வீரர், தடையில்லாமல் விற்கலாம். இன்னொரு காரணம் நிதியாண்டு. ஜூலையில் புதிய சம்பளக் கணக்கு தொடங்கிய பிறகே சில பேரங்கள் பொருந்தும் என்பதால், ஓர் அணி இன்னோர் அணிக்காக வீரரை எடுத்து வைத்திருக்கும். 1996இல் சார்லட் 13ஆவதாக கோபி பிரையன்ட்டை எடுத்தது லேக்கர்ஸுக்காகத்தான். அதற்கு ஈடாகத் தரப்பட்ட லேக்கர்ஸ் வீரர் விளாடே டிவாட்ஸ் சார்லட்டுக்குப் போவதைவிட ஓய்வு பெறுவதே மேல் என்று முரண்டு பிடித்ததையும் தாண்டி அது ஜூலையில்தான் நிறைவேறியது. 2018இல் டொன்சிச்சும் அட்லாண்டா தொப்பியுடன்தான் படத்துக்கு நின்றார்.

உங்கள் லீக்கில் அத்தகைய விதி இல்லை என்றால், மூன்றாவது வழி ஒன்று உங்களுக்கு இருக்கிறது. அவருக்கு இப்படி எழுதுங்கள்: வெள்ளிக்கிழமை எனக்கு முடியாது, சனிக்கிழமை என் முறையில் நீங்கள் விரும்பும் வீரரை நான் உங்களுக்காக எடுக்கிறேன், 5இல் நான் சொல்பவரை நீங்கள் எனக்காக எடுங்கள், அடுத்த ஆண்டு உரிமை அப்படியே இருக்கட்டும். ஆனால் நான் விரும்புகிறவரை 4ஆவது இடத்துக்காரர் எடுத்துவிட்டால் பேரம் இல்லை, உங்களுக்காக எடுத்தவர் என்னிடமே இருப்பார். இதை அவர் ஏற்க மாட்டார் என்று தோன்றினால், கடைசி வாக்கியத்தை விட்டுக்கொடுப்பதற்கு இரண்டாம் சுற்று உரிமை ஒன்றைக் கூடுதலாகக் கேளுங்கள்.

லீக் பொறுப்பாளரிடம் முன்னரே பேசிவிடுங்கள். எடுத்த பிறகு வீரரைக் கைமாற்றும் பேரத்தை எப்போது பதிவு செய்வார், நிபந்தனையுள்ள பேரத்தை ஏற்பாரா என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

செங்காங் இளவழகன்:

சுப்பு ஐயா சொன்னபடி எல்லாருக்கும் செய்தி அனுப்பினேன். 4ஆவது இடத்துக்காரருக்கு ஏறும் எண்ணமில்லை. தனக்கு உயரமான ஆட்டக்காரர் வேண்டும் என்று தானாகவே சொன்னார். என் பட்டியலில் உயரமானவர் ஒருவர்தான் இருக்கிறார், அவர் என் முதல் விருப்பம் அல்லர். 7ஆவது இடத்துக்காரரும் விலை கேட்கிறார்: 7ஆவது இடம், அடுத்த ஆண்டு முதல் சுற்று உரிமை, அதோடு இப்போது நல்ல பருவத்தில் இருக்கும் ஒரு மாற்று வீரர். கதிரவன் சொன்னதால் 5ஆவது இடத்துக்காரரின் முன்னணி வீரர்களின் வயதைப் பார்த்தேன். ஒருவருக்கு 34, மற்றவருக்கு 31. பொறுப்பாளர் நிபந்தனையுள்ள பேரத்தை ஏற்கிறார். ஆனால் 4ஆவது தேர்வு அறிவிக்கப்படுவதற்கு முன் இருவரும் அவருக்குக் குழுவில் எழுதியிருக்க வேண்டும் என்கிறார்.

தோ பாயோ மாறன்:

7க்கு இறங்குவதானால் உங்களுக்கு முன் நான்கு பேர் போவார்கள், ஆகவே பட்டியலில் ஐந்து பெயர்கள் வேண்டும். உங்களிடம் மூன்றுதான் இருக்கின்றன. அவரை மறுத்துவிடாமல், அவர் சொன்ன விலையை 5ஆவது இடத்துக்காரருக்குத் தெரியப்படுத்துங்கள்.

4ஆவது இடத்துக்காரர் உயரமானவரைத் தேடுகிறார் என்றால், 5ஆவது இடத்துக்காரர் யாரை எடுக்கப் போகிறார் என்ற ஒரே கேள்விதான் மிச்சம். அதை நேராகக் கேளுங்கள். உங்கள் விருப்பத்தைச் சொல்லாதீர்கள், அவருடையதை மட்டும் கேளுங்கள். அவர் சொல்லும் பெயர் உங்கள் முதல் விருப்பம் இல்லையென்றால், 34 வயதுக்காரரின் அணியிலிருந்து வரும் அடுத்த ஆண்டு உரிமைக்காக வெள்ளிக்கிழமை இரவே ஒப்புக்கொள்ளலாம், பாதுகாப்பு நிபந்தனை எதுவும் இல்லை என்பதைப் பொறுப்பாளருக்கு அனுப்பும் செய்தியில் தெளிவாக எழுதி. அவர் பெயர் சொல்ல மறுத்தால் சனிக்கிழமை வரை விடுங்கள்.